தலையில் அடிபட்ட தம்பியை எங்கே நடக்கக் கூட்டிப்போகலாம்?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். தம்பிக்கு 17 வயது, றக்பி பயிற்சியில் தலை மோதியது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, இது மூளை அதிர்ச்சிதான், ஓய்வாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு 18ஆம் நாள். ஆறாம் மாடி ஃபிளாட்டில் அம்மா திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு அவனை அறையை விட்டு வெளியே விடுவதே இல்லை. தலையிடி குறையவில்லை, நித்திரை குழம்பிவிட்டது, ஏஎல் படிப்பு நின்றுபோன எரிச்சல் வேறு. ரொறன்ரோவில் இருக்கும் மாமாவோ, பொடியனைக் காட்டுப் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போங்கள், இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள் என்கிறாராம். இது உண்மையா, உண்மை என்றால் கொழும்பில் காட்டுக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி.

மாமா சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் மரம் செடியைப் பார்த்தால் மூளை ஆறிவிடும் என்ற அர்த்தத்தில் இல்லை. அவர் இருக்கும் ஊரில் வீட்டை விட்டு இறங்கிப் பத்து நிமிடத்தில் ஆளரவமில்லாத மரநிழல் பாதை கிடைக்கும். நமக்கு அந்தப் பாதைக்குப் போய்ச் சேர்வதற்கே காலி வீதியைத் தாண்ட வேண்டும். அந்தப் பயணத்தையும் கணக்கில் எடுக்காமல் பூங்காவின் பெயரை மட்டும் சொன்னால் அது அரைகுறைப் பதில். நான் பல வருடமாகப் பிசியோதெரபி செய்கிறவன், தலையும் கழுத்தும் அடிபட்டவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை நானே அடிபட்டும் இருக்கிறேன். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை முடித்துவிடுவோம். தலையிடி நாளுக்கு நாள் கூடுகிறது, திரும்பத் திரும்பச் சத்தி எடுக்கிறான், எழுப்பினாலும் சரியாக எழும்புகிறானில்லை, பேச்சு குழறுகிறது, ஒரு கை அல்லது கால் பலமில்லாமல் இருக்கிறது, ஒரு கண்மணி மற்றதை விடப் பெரிதாகத் தெரிகிறது, வலிப்பு வந்தது, மூக்காலோ காதாலோ தண்ணீர் மாதிரி வடிகிறது, ஆட்களை மட்டுக்கட்ட முடியவில்லை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பூங்கா இல்லை, நேரே ஆஸ்பத்திரி. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 18 நாளாகிவிட்டதே என்று இதை ஒதுக்க வேண்டாம், மண்டைக்குள் மெதுவாகக் கசியும் இரத்தம் வாரக்கணக்கில் கழித்தும் தன்னைக் காட்டும். நீங்கள் எழுதியதில் இந்த அறிகுறி ஒன்றும் இல்லை, அதனால் மிச்சத்தைச் சொல்கிறேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதற்கு, உடைவும் இரத்தக்கசிவும் இல்லை என்றுதான் அர்த்தம். மூளை அதிர்ச்சி ஸ்கேனில் தெரியாது. அடிபட்ட கணத்தில் மூளைக் கலங்களின் சுவர் ஒரு இழுபறிக்கு உள்ளாகிறது, உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே போகிறது, வெளியே இருக்க வேண்டிய கல்சியம் உள்ளே வருகிறது. அதைத் திரும்ப ஒழுங்குபடுத்தக் கலங்களுக்கு நிறையச் சக்தி வேண்டும், ஆனால் அந்த நேரம் பார்த்து மூளைக்குப் போகும் இரத்த ஓட்டமும் குறைந்துவிடுகிறது. செலவு கூடி வரவு குறைந்த குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தட்டுப்பாட்டு நாட்களில் வெளிச்சம், சத்தம், கணக்குப் பாடம், ஃபோன் எல்லாமே கடன்காரர்கள் மாதிரி வாசலில் வந்து நிற்கும். அம்மா திரைச்சீலையை மூடியதற்குக் காரணம் இதுதான், அவர் பிழையாக யோசிக்கவில்லை. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள்.

இப்போது அப்படிச் சொல்வதில்லை. 2015இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 11 முதல் 22 வயது வரையானவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிக்கு ஐந்து நாள் கடும் ஓய்வு, மற்றப் பகுதிக்கு வழக்கம்போல ஒன்றிரண்டு நாள் ஓய்வும் பிறகு படிப்படியாக எழும்புவதும். ஐந்து நாள் படுத்திருந்தவர்கள்தான் கூடுதல் அறிகுறிகளைச் சொன்னார்கள், அவை குறையவும் கூடுதல் நாள் எடுத்தது. 2019இல் பஃபலோவில் நடந்த ஆய்வில், தலையிடி கிளம்பாத அளவுக்கு மட்டும் மெல்லிய உடற்பயிற்சி செய்த பதின்ம வயதினருக்கு 13 நாளிலும், வெறுமனே கைகாலை நீட்டி மடக்கியவர்களுக்கு 17 நாளிலும் குணமானது. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மூளை அதிர்ச்சி மாநாடும் அதையே சொன்னது: முதல் 24 முதல் 48 மணித்தியாலம் ஓரளவு ஓய்வு, அதற்குப் பிறகு மெல்ல நடக்கத் தொடங்கு. அந்த ஓய்வுகூட இருட்டறை ஓய்வு அல்ல, வீட்டுக்குள் சாதாரணமாகப் புழங்குவதுதான். தம்பியின் நித்திரைக் குழப்பத்திலும் எரிச்சலிலும் ஒரு பங்கு அடியால் வந்தது, ஒரு பங்கு அந்த அறையால் வந்தது என்பது என் கணிப்பு. எந்த 17 வயதுப் பிள்ளையை 18 நாள் இருட்டில் வைத்தாலும் தலையிடிக்கும்.

சரி, இதில் மரமும் குளமும் எங்கே வருகிறது? 1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று பிரபலம். பித்தப்பை அறுவை முடிந்த நோயாளிகளில், ஜன்னலால் மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களை விடக் கொஞ்சம் கெதியாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. பிறகு ஸ்டீபன் காப்ளன், ரேச்சல் காப்ளன் என்ற கணவன் மனைவி ஒரு விளக்கம் தந்தார்கள். வீதியைக் கடக்கும்போதும் பாடம் படிக்கும்போதும் நாம் பிடித்து இழுத்துச் செலுத்தும் கவனம் களைத்துப்போகும் ஒன்று, இலை அசைவதையும் தண்ணீர் நெளிவதையும் பார்க்கும்போது அந்தக் கவனத்துக்கு வேலை இல்லை, கண் தானாகப் போய்த் தானாக வருகிறது, அந்த இடைவெளியில் களைத்த கவனம் ஆறுகிறது என்றார்கள். 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஒருநாள் மரத்தோட்டத்திலும் இன்னொருநாள் நகர வீதியிலும் நடக்கவிட்டு, இலக்கங்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லவைத்தபோது, தோட்டத்தில் நடந்த நாளில்தான் நன்றாகச் சொன்னார்கள். குளிர்காலத்தில் நடுங்கிக்கொண்டு நடந்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது, அதனால் போரடிக்கிறது என்று தம்பி முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

ஆனால் கவனியுங்கள், முதலாவது பித்தப்பை நோயாளிகள், மற்றது சுகமான மாணவர்கள். தலையில் அடிபட்டவர்கள் அல்ல. அதனால் காடு மூளையைக் குணப்படுத்துகிறது என்று நான் சொல்ல மாட்டேன். நிரூபணம் பலமாக இருப்பது மெல்லிய நடைக்கு. அந்த நடையைச் சத்தமும் வெளிச்சமும் நெரிசலும் கெடுக்காமல் நடக்க ஒரு இடம் வேண்டும், அந்த இடம் பெரும்பாலும் மரமும் தண்ணீரும் உள்ள இடமாக இருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் இரண்டு நன்மையும் கூடவே கிடைக்கும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் குழம்பிய நித்திரைக் கடிகாரம் திரும்பவும் ஒழுங்குக்கு வரும். தூரத்தில் பார்க்கும்போது, கிட்டப் பார்வைக்காக இரண்டு கண்ணையும் உள்ளே திருப்பிக்கொண்டே இருக்கும் தசைகள் ஓய்வெடுக்கும். அடிக்குப் பிறகு நிறையப் பேருக்கு இந்தத் தசை வேலைதான் தடுமாறுகிறது, புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மிதப்பதும் அதனால்தான்.

என் கதையையும் சொல்கிறேன். மழைநாளில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து பின்மண்டை அடிபட்டது. நாலாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்ததும், கடற்காற்று வாங்கினால் சரியாகிவிடும் என்று பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போனேன். கொழும்பில் யாரைக் கேட்டாலும் அந்த யோசனையைத்தான் சொல்வார்கள், நானும் இந்தத் துறையில் இருந்துகொண்டே அதைத்தான் செய்தேன். அங்கே ஒரு மர நிழல்கூட இல்லை. மேற்கே இறங்கும் வெயில் நேரே கண்ணில். வானம் நிறையப் பட்டம், இஸ்ஸோ வடை வண்டிகளின் சத்தம், குழந்தைகள் ஓட்டம், காற்று காதுக்குள் இரைகிறது, கடலைப் பார்த்தால் அலை ஆட என் தலையும் சேர்ந்து ஆடுகிறது. இருபது நிமிடம் தாண்டவில்லை, சத்தி எடுத்தேன். அடுத்த இரண்டு நாள் படுக்கை. இயற்கை என்று பெயர் இருப்பதெல்லாம் அடிபட்ட மூளைக்கு அமைதி இல்லை என்பதை அன்றைக்குத்தான் வடிவாக விளங்கிக்கொண்டேன். அசையும் அலையைப் பார்ப்பது சமநிலை கெட்டவருக்கு ஓடும் பஸ்ஸில் புத்தகம் வாசிப்பது மாதிரி. வெள்ளவத்தைக் கடற்கரைக்கு இதோடு ரயிலும் சேர்ந்துகொள்ளும், மெரின் டிரைவில் நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் ஹோர்ன் அடித்தால் சுகமான ஆளே துள்ளிவிடுவார். மணலில் கால் புதைவதும் ஆரம்பத்தில் நல்லதல்ல. கடற்கரையை, மற்ற இடங்களில் நடை நன்றாக ஒத்துவந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போ எங்கே? இனி வரும் முதல் இரண்டு மூன்று நாள் எங்கேயும் போக வேண்டாம். திரைச்சீலையைப் பாதி திறந்து, பல்கனியில் கதிரை போட்டு, காலையில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரட்டும். ஆறாம் மாடி என்றால் தென்னை மரத்தின் ஓலையாவது கண்ணுக்கு நேரே தெரியும், அது போதும். வெளிச்சம் கூசினால் முன்விளிம்பு வைத்த தொப்பி போடலாம். கறுப்புக் கண்ணாடியை வீட்டுக்குள் போட்டுப் பழக்க வேண்டாம், கண் இருட்டுக்குப் பழகப் பழகக் கூச்சம் கூடும்.

அடுத்தது உங்கள் ஒழுங்கையே. காலை ஆறு, ஆறரைக்குக் காலி வீதி பக்கம் போகாமல், மாமரமும் பலாவும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் உள் ஒழுங்கைகளில் பத்து நிமிடம். கால்வாய் ஓரமாக நடைபாதை போட்ட பகுதிகளும் இருக்கின்றன, தண்ணீரின் மணத்தை நான் உத்தரவாதம் செய்ய மாட்டேன், ஆனால் தரை மட்டமாக இருக்கும், கொக்கும் நிற்கும். எத்தனை பேர் மரத்தைத் தேடிப் பத்து மைல் போகிறார்கள், தங்கள் ஒழுங்கை முனையில் நிற்கும் வேப்பமரத்தைக் கண்டதே இல்லை.

அதற்குப் பிறகு விகாரமகாதேவி பூங்கா. இதில் ஞாயிறு பின்னேரம் போனால் பலூன்காரரும் குடும்பக் கூட்டமும்தான் கிடைக்கும், கிழமை நாள் காலையில் போக வேண்டும். பூங்காவுக்குள் போகாமலே கறுவாத்தோட்டத்தில் பெரிய மரங்கள் குடை பிடிக்கும் வீதிகளின் நடைபாதையும் நல்லதுதான், சுதந்திர சதுக்கப் பக்கமும் அப்படியே, ஆனால் அங்கே ஓடுகிறவர்கள் பின்னால் இருந்து வேகமாகக் கடந்து போவார்கள், தலைச்சுற்று உள்ளவருக்கு அது திடுக்கிட வைக்கும்.

எனக்குப் பிடித்தது கோட்டேப் பக்கத்து ஈரநிலங்கள். 2018இல் உலகில் முதன்முதலாக, ராம்சர் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. நம் ஆட்களுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், வெள்ளம் வரும் ஊர் என்றுதான் தெரியும். பெத்தகான ஈரநிலப் பூங்கா, தலவத்துகொடையில் தியசரு பூங்கா, தலங்கம குளக்கரை, மூன்றும் நல்லவை. நீர்க்கோழி, நீர்க்காகம், வழியை மறித்துக்கொண்டு வெயில் காயும் கபரகொய்யா என்ற பெரிய நீருடும்பு என்று கண்ணுக்கு மெதுவான வேலை கிடைக்கும். ஒரு எச்சரிக்கை, பெத்தகானவிலும் தியசருவிலும் பலகை பதித்த நடைபாதைகள் உண்டு. பலகைக்கு நடுவே உள்ள கோடுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தால் சிலருக்குத் தலை சுற்றும். பத்து அடி தள்ளிப் பார்த்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள், அப்படியும் சுற்றினால் அந்தப் பகுதியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இனி அந்தப் பயணக் கணக்கு. வெள்ளவத்தையில் இருந்து கோட்டேக்குக் காலை எட்டு மணிக்கு ஆட்டோவில் புறப்பட்டால், ஹோர்னும் குலுக்கலும் பெற்றோல் மணமும் கண்ணுக்கு முன்னால் குறுக்கும் மறுக்கும் ஓடும் வாகனமுமாக, பூங்கா வாசலில் இறங்கும்போதே அவனுடைய அன்றைய பலம் முடிந்துவிடும். பிறகு திரும்பி வரவும் வேண்டும். ஒருமுறை ஒரு அம்மா மகளைத் தலங்கமவுக்கு மூன்று நாள் கூட்டிப்போய்விட்டு, நடை ஒத்துவரவில்லை என்று என்னிடம் வந்தார். விசாரித்தால் நடை இருபது நிமிடம், போக வரப் பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். அதனால் தூர இடம் என்றால் ஞாயிறு விடியற்காலை, முடிந்தால் கார், முன் சீற்றில் இருத்தி ஃபோனைப் பார்க்க விடாமல். அதற்கு வழியில்லாவிட்டால் ஒழுங்கை நடையே மேல்.

எவ்வளவு நடப்பது என்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. கிளம்பும்போது தலையிடி, தலைச்சுற்று இரண்டுக்கும் பத்துக்கு எத்தனை என்று அவனே ஒரு புள்ளி சொல்லட்டும். நடக்கும்போது அது ஒன்று இரண்டு கூடி, ஒரு மணித்தியாலத்துக்குள் பழைய இடத்துக்கு வந்தால் பிரச்சினை இல்லை, அது சேதம் அல்ல. இரண்டுக்கு மேல் கூடினாலோ, மணித்தியாலம் தாண்டியும் இறங்காவிட்டாலோ அன்றைக்கு நிறுத்தி, அடுத்த நாள் பாதியளவு நடக்க வேண்டும். வேகம், கதைத்துக்கொண்டே நடக்கக்கூடிய வேகம். பத்து நிமிடத்தில் தொடங்கி, ஒத்துவந்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம். நல்ல நாள் ஒன்று வந்ததும் ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுப்பதுதான் நான் அடிக்கடி காணும் பிழை, விளையாட்டுக்காரப் பொடியன்கள் இதில் மோசம். அரைமணி நேர நடை நாலைந்து நாள் தொடர்ந்து ஒத்துவந்த பிறகு கம்பகா ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா மாதிரி ஒரு அரைநாள் பயணம் யோசிக்கலாம். 1876இல் இலங்கைக்கு வந்த ரப்பர்க் கன்றுகளை நட்ட இடம், நிழலுக்குப் பஞ்சமில்லை.

வெயிலும் நுளம்பும் நம் ஊரில் கட்டாயம் பார்க்க வேண்டியவை. ஒன்பது மணிக்குப் பிறகு வெக்கையே தலையிடியைத் தரும், எது அடியால் வந்தது எது வெயிலால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. தண்ணீர்ப் போத்தலோ ஒரு செவ்விளநீரோ இருக்கட்டும். டெங்கு நுளம்பு காலையிலும் பின்னேரத்திலும்தான் கூடுதலாகக் கடிக்கும், அதனால் நீளக்கை, நீளக் காற்சட்டை, களிம்பு. இடையில் காய்ச்சல் வந்தால் மூளை அதிர்ச்சியின் மிச்சம் என்று இருந்துவிடாதீர்கள், மூளை அதிர்ச்சிக்குக் காய்ச்சல் வராது, இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வலிக்குப் பனடோல் மட்டும், அதையும் தினமும் விழுங்க வேண்டாம், நாளாக நாளாக அதுவே தலையிடியைத் தரும்.

ஃபோனைப் பற்றி ஒரு வார்த்தை. 2021இல் வந்த ஆய்வில், அடிபட்ட முதல் 48 மணித்தியாலம் திரையை விட்டவர்கள் மூன்றரை நாளிலும், விடாதவர்கள் எட்டு நாளிலும் குணமானார்கள். உங்களுக்கு அந்த 48 மணித்தியாலம் எப்போதோ முடிந்துவிட்டது, இனி முழுத்தடை தேவையில்லை, அளவாகப் பார்க்கலாம், ஆனால் நடக்கும்போது வேண்டாம். ஹெட்ஃபோனும் வேண்டாம். பறவை பார்க்கப் பைனாகுலர் கொண்டுபோகும் ஆர்வம் வந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள், அந்தக் கண் தசைகளுக்கு அது தேவையில்லாத வேலை. சைக்கிள், மரமேறுதல், நீச்சல் எல்லாம் டாக்டர் சொல்லும் வரை இல்லை. றக்பி பற்றிப் பேச்சே வேண்டாம், முழுதாக ஆறுவதற்கு முன் இரண்டாம் அடி விழுந்தால் அது வேறு கதை. பள்ளிக்கூடம் முதலில், அதுவும் அரைநாளாக, மைதானம் கடைசியில். அம்மா நேர்த்தி வைத்திருந்தால் கோயிலுக்கும் போகலாம், பூசை முடிந்து மேளமும் மணியும் ஓய்ந்த நேரமாகப் பார்த்து.

நாலு வாரம் தாண்டியும் இறங்கவில்லை என்றால் நடையைக் கூட்டிக்கொண்டு இருக்காமல் திரும்பவும் டாக்டரிடம் போங்கள். கழுத்தும் அதே மோதலில் அடிபட்டிருக்கலாம், பின்மண்டையில் தொடங்கி முன்னுக்கு வரும் தலையிடி நிறையத் தடவை கழுத்தில் இருந்து வருவது, அதற்கும் சமநிலைக்கும் கண்ணுக்கும் தனித்தனிப் பயிற்சிகள் இருக்கின்றன, அவை எந்தக் குளக்கரையிலும் கிடைக்காது. மனம் சோர்ந்து, ஒருவரோடும் கதைக்காமல், வாழ்ந்து என்ன பயன் என்ற மாதிரிப் பேச்சு வந்தால் நாலு வாரம் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

கடைசியாக, முதல் நாள் நடைக்கு நீங்கள் போகாமல் அம்மாவை அனுப்புங்கள். அவர் பயந்து போயிருக்கிறார், நான் எழுதிய ஆய்வையெல்லாம் வாசித்துக் காட்டினாலும் அந்தப் பயம் போகாது. மகன் மாமர நிழலில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து, நாலு என்று சொன்ன தலையிடி நாலாகவே இருக்கிறது என்று அவன் வாயால் கேட்டால், அடுத்த நாள் அவரே திரைச்சீலையைத் திறப்பார்.